மேல்வரிசை

இல்லைன்னு சொல்லிட்டேன். வாயில வந்தது அதுதான். சிஸ்டர் அட்டையையும் பேனாவையும் வச்சுக்கிட்டு, சக்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, எந்த மருந்தாச்சும் ஒத்துக்காம அரிப்பு வந்திருக்கான்னு கேட்டுக்கிட்டே வந்தா. அதே ராகத்துல, பல்செட்டு ஏதாச்சும் போட்டிருக்கீங்களாம்மான்னும் கேட்டா. இல்லீங்க சிஸ்டர்னுட்டேன். அவ ஒரு கோடு போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டா. அரை நிமிஷம் கூட ஆகல. நான் என்ன பண்ணட்டும், அவரு கட்டில் தலைமாட்டுல என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. இருபத்தொம்பது வருஷமா கூடப் பொழைக்கிற மனுசன் முன்னாடி, ஆமாங்க சிஸ்டர், மேல இருக்கிறது முச்சூடும் பொய்ப்பல்லுதான்னு எப்படிச் சொல்றது? நேத்துப் பொழுதோட மயக்க டாக்டரு வந்து படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. பித்தப்பையில கல்லு, முழு மயக்கம் குடுத்துத்தான் எடுக்கணும், தொண்டைக்குள்ள குழாய் விடுவோம், கழட்டுற பல்லு இருந்தாச் சொல்லிருங்க, மயக்கத்துல நழுவி மூச்சுக்குழாயில போய் அடைச்சுக்குச்சுன்னா உசுருக்கே ஆபத்துன்னாரு. வாயைத் திறங்கன்னாரு, திறந்தேன். அதுக்குள்ள அவருக்குப் போன் வந்துருச்சு, சரி சரின்னுட்டுப் போயிட்டாரு. நல்ல செட்டுதான், அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடியாது. இப்ப மணி ஏழே கால். ஒம்பதுக்கு வண்டி வரும், படுக்க வச்சுத் தள்ளிக்கிட்டுப் போயிருவாங்க. எங்க வீட்டுக்காரரு மருந்துச் சீட்டை எடுத்துக்கிட்டுக் கீழ போயிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லிரு மாதேஸ்வரி. கூப்பிடு. மணியை அமுக்கினா வந்துருவா. கை மணிகிட்டப் போகுது, திரும்பி வந்து போர்வையைத் தடவுது.

எம்பல்லு நல்ல பல்லு, அதை யாருகிட்டப் போய்ச் சொல்றது. பென்னாகரம் பக்கம் எங்க ஊருல எல்லாருக்குமே அப்படித்தான், வெளையாடுற குழந்தையில இருந்து கோயில் பூசாரி வரைக்கும் பல்லுல காவி ஏறியிருக்கும், குறுக்க பட்டை பட்டையாக் கறை. அது தண்ணி பண்ற வேலைன்னு அப்பத் தெரியாது, வாங்கி வந்த வரம்னு நினைச்சோம். ஆனா கெட்டி. கரும்பை ஒரே இழுப்புல உரிச்சுப் போடுவேன். மூணு எடத்துல இருந்து பொண்ணு பாக்க வந்தாங்க, மூணு பேரும் பஜ்ஜியத் தின்னுட்டு, பொண்ணு லட்சணந்தான், சிரிச்சாத்தான் ஒரு மாதிரின்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நாலாவது சோமனூர்ல இருந்து வர்றாங்கன்னதும் எங்கப்பா என்னைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பல் கட்டுற ஆளுகிட்டக் கூட்டிக்கிட்டுப் போனாரு. படிச்ச டாக்டரு இல்ல, பலகையில ஒரு தாடை படம் போட்டு வச்சிருப்பாரு. ரெண்டு நாளு, எட்டுப் பல்லு. எட்டும் மேல்வரிசை. கீழ்வரிசையில கறை கம்மி, ஏதோ எரியிற தண்ணியத் தொட்டுச் சுரண்டி ஒப்பேத்திட்டாரு. மேல்பல்லு வரமாட்டேன்னுச்சு. அந்தாளு கொறடால பல்லைப் பிடிச்சு ஆட்டி ஆட்டி வேர்த்துக் கொட்டி, என்னங்க இது, இம்புட்டு நல்ல பல்லா இருக்குதுன்னு அப்பாகிட்டயே சொன்னாரு. எங்கப்பா எந்தலையப் பிடிச்சுக்கிட்டு, பிடுங்குங்கன்னாரு. பாவி மனுசன். நானாச்சும் வேண்டாம்னு கத்தினேனா? இல்லியே. வெள்ளையா வரும்னு ஆசையில வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இருவத்தியொரு வயசு. அந்தக் கூறு கெட்ட கழுதையை இப்ப ரெண்டு அறை விடணும்.

அன்னைக்கே எட்டு வெள்ளைப் பல்லை வரிசையா பசை மாதிரி ஒண்ணை வச்சுப் பக்கத்துப் பல்லோட ஒட்டி விட்டாரு, கழட்டவே முடியாது, நிரந்தரம்னாரு. சோமனூர்க்காரங்க வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா, எங்கத்தை, என் மோவாயைப் பிடிச்சுத் தூக்கி, தருமபுரிப் பக்கம்னதும் பல்லு காவியேறிக் கெடக்கும்னு வெசனப்பட்டேன், இவளுக்கு என்ன, முத்தாட்டம் இருக்குதுன்னாங்க. அவரு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்புக்குத்தான் தாலி கட்டினாரு நாச்சிமுத்து. நாலு தறி போட்டிருந்தாரு, அப்புறம் பத்தாச்சு. தறிச் சத்தத்துலயே கெடந்து கெடந்து முப்பத்தஞ்சு வயசுக்குள்ள காது மந்தமாயிருச்சு அவருக்கு. தறி ஓடுற எடத்துல யாரு கத்தினாலும் கேக்காது, வாயசைப்பைப் பாத்துத்தான் பேச்சு. வீட்டுக்கு வந்தும் அதே பழக்கம். நான் பேசினா எங்கண்ணைப் பாக்க மாட்டாரு, எம்வாயைத்தான் பாப்பாரு. சாப்பிட வாங்கன்னாலும் வாயை, மோட்டார் போடுங்கன்னாலும் வாயை. உலகத்துல எத்தனையோ ஆம்பளைங்க பொண்டாட்டி மொகத்தையே பாக்காம காலத்தை ஓட்டுறாங்க, எனக்குன்னு பாத்து இப்படி ஒருத்தரு வாச்சாரு. ஆசையா கிட்ட வந்தா மொகத்தைத் திருப்பிக்குவேன், இவளுக்கு இன்னும் வெக்கம் போகலன்னு சிரிப்பாரு. வெக்கமா அது? பயமுங்க, பயம். ஒட்டுப்பல்லு தட்டுப்பட்டுருமோன்னு. பாப்பா பொறந்து ஒவ்வொரு பல்லா மொளைக்கிறப்ப ராத்திரிப் பகலா அது வாயையே நோண்டிப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன், காவியா வந்துருச்சுன்னா என் குட்டு ஒடைஞ்சுருமே. வெள்ளையா வந்துச்சு. அப்படியே உன்னையாட்டமே பல்லு அம்மிணின்னாரு. நான் போய் அடுப்படியில நின்னு அழுதேன்.

நிரந்தரம்னு சொன்னது அஞ்சு வருஷத்துல பக்கத்துப் பல்லையெல்லாம் அரிச்சுத் தின்னுட்டுச்சு. மாத்த மாத்த ஒவ்வொண்ணாக் கழண்டு, எம்பல்லுன்னு சொல்லிக்க மேல கடைவாயில ரெண்டே ரெண்டுதான் மிச்சம். கோயமுத்தூர்ல ஒரு டாக்டரம்மா, சின்னப் பொண்ணு, அவதான் மொதமொதலா என்னைய உக்கார வச்சுச் சொன்னா. பல்லே இல்லாதவங்களுக்கு முழுசெட்டு, கொஞ்சம் பல்லு இருந்தா அதுல கம்பி மாட்டிக் கழட்டுற மாதிரி அரைசெட்டு, எலும்புலயே திருகு போட்டு நிறுத்துறது இன்னொண்ணு, அது கழட்டவே வேண்டாம், ஆனா உங்க எலும்பு கரைஞ்சு போச்சும்மான்னா. கம்பி மாட்டுறதுதான் எனக்கு. அதுக்கு ஆயிரம் சட்டம். ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டுத்தான் படுக்கணும், ஈறு மூச்சு விடணும். பேஸ்டு போட்டுத் தேய்க்கக் கூடாது, கீறல் விழும், மெத்துனு ஒரு பிரஷ்ஷும் சோப்புத் தண்ணியும் போதும். கழுவுறப்ப கீழ ஒரு துண்டை விரிச்சுக்கணும், கை தவறினா ஒடையும். காய விடவும் கூடாது. எல்லாத்துக்கும் மண்டைய மண்டைய ஆட்டிட்டு வந்தேன். எங்க கழட்டுறது? கட்டில்ல பக்கத்துல அவரு. குளிக்கிற அறையில தாப்பாள் போட்ட அந்தப் பத்து நிமிஷந்தான் அதுக்கும் எனக்கும் விடுதலை. மேல்வாயெல்லாம் செவந்து புண்ணாகி, காரம் பட்டா உசுரு போகும், வாயில ஒரு நாத்தம் வேற, ஏலக்காய மென்னே காலத்தைத் தள்ளினேன். ஒருநாளு கிருமியெல்லாம் சாகட்டும்னு பாய்லர்ல இருந்து கொதிக்கிற தண்ணியப் பிடிச்சு அதுல முக்கிட்டேன், குழந்தை பாட்டிலை முக்குறமில்ல, அந்த நெனப்புல. வளைஞ்சு போச்சு. வாயில வச்சா நிக்கல, டொக்குனு விழுகுது. சுடுதண்ணி ஆகவே ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னது அப்புறந்தான் ஞாபகம் வருது, தலையில அடிச்சுக்கிட்டேன். புதுசு வர எட்டு நாளாகும்னாங்க. எட்டு நாளும் மௌன விரதம்னு சிலேட்டுல எழுதிக் காட்டினேன். மாரியம்மனுக்கு வேண்டுதல்னு எழுதினேன். முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு, கஞ்சியத் தனியாப் போய்க் குடிச்சுக்கிட்டு எட்டு நாளு. அவரு என்ன பண்ணினாரு தெரியுமா? ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாருக்கும் போன் போட்டு, எம்பொண்டாட்டி மாதிரி பக்தி யாருக்கு வரும்னு பெருமை பீத்திக்கிட்டாரு. ஒம்பதாம் நாளு என்னைய கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போய், அம்மன் முன்னாடி, இப்பப் பேசு அம்மிணின்னாரு. அம்மனைப் பாக்கவே கூசுச்சு.

பக்கத்துக் கட்டில் ரோஸ்லின் அக்கா எந்திரிச்சுட்டாங்க. குடலிறக்கத்துக்கு வந்திருக்காங்க, முந்தாநேத்து ஆபரேஷன் முடிஞ்சுருச்சு. அவங்களுக்கு மேலயும் கீழயும் முழுசெட்டு. வந்த அன்னைக்கே ஒளிவு மறைவில்லாம, நான் பொக்கை வாய்ச்சி, இதைப் போட்டாத்தான் மனுசின்னு சொல்லிச் சிரிச்சாங்க. தெனமும் பொழுதோட அவங்க வீட்டுக்காரரு அந்த நீலக் கலர் டப்பாவை எடுத்துக்கிட்டு வாஷ்பேசின்ல நின்னு, துண்டை விரிச்சு, சின்ன பிரஷ்ஷால உள்பக்கம் வெளிப்பக்கம் எல்லாம் தேய்ச்சுக் கழுவுறாரு. கழுவிட்டு வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறாரு, ஏதாச்சும் ஒட்டியிருக்கான்னு. ஏய், இந்த ஓரத்துல கீரை மாட்டியிருக்கு பாரு, ஆட்டுக்குட்டியாட்டம் தின்னா இப்படித்தான்ங்கிறாரு. அந்தம்மா பல்லில்லாத வாயால, யோவ் போய்யாங்குது. போய்யாங்கிறது கூடச் சரியா வரல, காத்துதான் வருது. ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. நான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். வயித்து வலியில கூட அவ்வளவு துடிக்கலைங்க நான். இத்தனை சல்லிசா முடிஞ்சிருக்கும் போல இது. கல்யாணம் ஆன மறுவாரம், ஏனுங்க, ஒண்ணு சொல்றேன் கோவிச்சுக்காதீங்கன்னு ஆரம்பிச்சிருந்தா, ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பாரு, எங்கத்தை நாலு பேச்சுப் பேசியிருப்பாங்க, தீந்திருக்கும். இப்பச் சொன்னா பல்லு பொய்னு மட்டுமா ஆகும்? அந்தச் சிரிப்பு பொய், விரதம் பொய், வெக்கம் பொய், உன்னையாட்டமேன்னு பாப்பாவைப் பாத்துப் பாத்துப் பூரிச்சாரே அதுவும் பொய். எதைத்தான் மிச்சம் வைக்கிறது அவருக்கு?

சரி, சொல்லாமயே போயிடலாம். வாயில இருந்தபடியே போயிடலாம். எல்லாருக்குமா நழுவுது, கம்பி கெட்டியாத்தான் பிடிச்சிருக்கு. நழுவினா? உள்ள போய் அடைச்சுக்கும், செத்துருவேன். செத்தா என்ன, மானத்தோட சாவேன். ஐயோ, எங்க மானத்தோட? தொண்டையில இருந்து எடுத்து ஒரு தட்டுல வச்சு அவருகிட்டக் காட்டுவாங்க, இதாங்க காரணம்னு. இல்ல, நழுவாம வேற எதுலயாச்சும் போயிட்டேன்னு வையி, வீட்டுக்குக் கொண்டு போய்க் குளிப்பாட்டுறப்ப பொம்பளைங்க வாயைத் தொடைக்கையில தெரிஞ்சுரும், ஊரே பேசும். அதுலயும் தப்பிச்சு எரிச்சுட்டாங்கன்னா? மறுநாளு பால் தெளிச்சு எலும்பு பொறுக்குவாரே அவரு. செட்டு உருகிப் போயிரும், கம்பி உருகாது. சாம்பலைக் கெளறுற கையில அந்த ரெண்டு கம்பி தட்டுப்படும். இது என்ன கம்பி, இவகிட்ட ஏது கம்பின்னு கையில வச்சுப் பாத்துக்கிட்டு நிப்பாரு. அதைச் சொல்றதுக்கு அப்ப நான் இருக்க மாட்டேன். வேண்டாம். உசுரு வேணும் எனக்கு. பாப்பாவுக்குத் தையில கல்யாணம் வச்சிருக்கு. உசுரும் வேணும், அவருக்குத் தெரியவும் கூடாது. ரெண்டும் வேணும்னு கேக்குறவளைத்தான் சாமி நல்லாப் பாத்துக்கும் போல, போடி.

வந்துட்டாரு. கையில மருந்துப் பை, சட்டைப் பொத்தான் மாத்திப் போட்டிருக்காரு. ராத்திரி பூரா வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த மொகம். பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. அம்மிணி, நாந்தான் தப்புப் பண்ணிட்டேன்னாரு. அவரு மெதுவாப் பேசுறதா நினைச்சுக்கிட்டுப் பேசினா வார்டுக்கே கேக்கும். நாலு மாசமா வலிக்குது வலிக்குதுன்னே, வாயு வாயுன்னு ஓமத்தண்ணியக் குடுத்தே ஓட்டிட்டேன், அன்னைக்கே கூட்டியாந்திருந்தா இம்புட்டு முத்தியிருக்காது, கல்லு குழாய்ல எறங்குற வரைக்கும் விட்டுட்டேன், எம்மேல உனக்குக் கோவம் இருக்கும்னாரு. ரோஸ்லின் அக்கா வீட்டுக்காரரு நாசூக்கா வெளிய போயிட்டாரு. கோவமா? எனக்கா? வலிச்சப்பக் கோவந்தான், பொய் சொல்லல, வாய்க்கு வந்தபடி திட்டினேன், பத்துத் தறிக்கும் எண்ணெய் விடுற மனுசனுக்குப் பொண்டாட்டி ஒரு தறியாக் கூடத் தெரியலையான்னு கேட்டேன். அதையே நினைச்சுக் குமைஞ்சுக்கிட்டு இருக்காரு. இப்பச் சொல்லிரலாம். நீங்களும் ஒரு தப்புப் பண்ணினீங்க, நானும் ஒண்ணு பண்ணினேன், சரியாப் போச்சுன்னு சொல்லிரலாம். இதை விட நல்ல நேரம் வராது. ஏனுங்கன்னேன். சட்டுனு நிமிந்து எம்வாயைப் பாத்தாரு. அவ்வளவுதான். பொத்தானைச் சரியாப் போடுங்கன்னேன். குனிஞ்சு பாத்துட்டு ஒவ்வொண்ணாக் கழட்டி மாட்டினாரு. மாட்டிட்டு மறுபடியும் எம்வாயைப் பாத்தாரு, இன்னும் ஏதோ சொல்ல வந்தியேங்கிற மாதிரி. சிஸ்டர் வந்து, வீட்டுக்காரரெல்லாம் வெளிய இருங்க, ட்ரெஸ் மாத்தணும்னுட்டா.

பச்சைக் கவுன். தாலியக் கழட்டி மஞ்சக் கயிறு கட்டிக்கிட்டேன், கொண்டை ஊசி, மூக்குத்தி, வளையல். கழட்டுறதுக்கு ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே வந்தா சிஸ்டர். எல்லாம் ஆச்சாம்மா? ஆச்சுங்க. அட்டையில கையெழுத்துப் போடுங்க. பேனாவை வாங்கினேன். இல்லைன்னு கோடு போட்ட எடம் கண்ணு முன்னாடி நிக்குது. சிஸ்டர், சித்த பாத்ரூமுக்கு வாங்கன்னு அவ கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய்த் தாப்பாள் போட்டேன். கழட்டி உள்ளங்கையில வச்சுக் காட்டினேன். பாவம் பயந்துட்டா. ஏம்மா, உங்களுக்குப் புத்தி இருக்கா, படிச்சுப் படிச்சுக் கேட்டனே, உள்ள போய் ஏதாச்சும் ஆகியிருந்தா எங்க தலை உருண்டிருக்கும்னு திட்டினா. திட்டட்டும். சரி குடுங்க, நகையோட சேத்து உங்க வீட்டுக்காரர்கிட்டக் குடுத்துர்றேன்னு கையை நீட்டினா. நான் கையை மூடிக்கிட்டேன். அவருக்கு மட்டும் வேண்டாம் சிஸ்டர், உன் காலைப் பிடிச்சுக்கிறேன், அவருக்குத் தெரியாதுன்னேன். என்ன சொன்னேன்னு அவளுக்குப் பாதி புரியல, காத்தும் எச்சியுமா வருது. ஆனா எங்கண்ணைப் பாத்துட்டு அந்தப் பொண்ணு அதை வாங்கிக்கிட்டா. அப்புறம் ரோஸ்லின் அக்காகிட்டக் கொண்டு போய்க் குடுத்தா. அக்கா என் தலையைத் தடவிட்டு, ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்திப் போட்டு மூடி, தலகாணிக்கு அந்தப் பக்கமா வச்சுக்கிட்டாங்க. வாஷ்பேசின் கண்ணாடியில என்னையப் பாத்தேன். கன்னம் உள்ள போய், மேலுதடு மடங்கி, யாரோ கெழவி. அம்பது வயசுதான் எனக்கு. உசுரு பொழைச்சுக்கும், அது போதும்னு நினைச்சேன்.

வண்டி வந்துருச்சு. படுத்ததும் போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டேன். குளிருதாம்மான்னு தள்ளுற அண்ணன் கேட்டாரு, தலையாட்டினேன். நடைபாதை வெளக்கு ஒவ்வொண்ணா மேல போகுது. அவரு வண்டியோட கம்பியைப் பிடிச்சுக்கிட்டே கூட வர்றாரு, செருப்பு சத்தம் கேக்குது. கதவுகிட்ட நிறுத்தினாங்க, இதுக்கு மேல நீங்க வரக் கூடாதுங்க. குனிஞ்சாரு. அம்மிணி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போன்னாரு. கோவமில்லைன்னு சொல்லு. நான் இடமும் வலமுமாத் தலையாட்டினேன். அதுல அவருக்கு என்ன புரிஞ்சுதோ. கோவமில்லைன்னு ஆட்டினேனா, சொல்ல மாட்டேன்னு ஆட்டினேனா? அவரு பழக்கம் அவருக்கு, வாயைப் பாத்தாத்தான் பேச்சு. போர்வையைக் கொஞ்சம் எறக்குறதுக்குக் கையைக் கொண்டு வந்தாரு. நான் ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். விடல. அவரு இழுக்கவும் இல்ல, சித்த நேரம் விரலை அப்படியே வச்சிருந்துட்டு எடுத்துக்கிட்டாரு. சரி அம்மிணி, கோவம் ஆறினப்புறம் பேசுன்னாரு. கண்ணுல தண்ணி நிக்குது. இருபத்தொம்பது வருஷத்துல அவரு அழுது நான் பாத்ததில்ல. எங்கண்ணைப் பாருய்யா, ஒரு தடவை வாயை விட்டுட்டு எங்கண்ணைப் பாரு. பாக்கல. போர்வையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. கதவு சாத்திருச்சு.

உள்ள குளிரு. ஆறு பேரு இருப்பாங்க, யாருக்கும் மொகம் தெரியல, முகமூடிதான். போர்வையை எடுத்துட்டாங்க. மேல பெரிய வெளக்கு. உங்க பேரு சொல்லுங்கம்மான்னாரு மயக்க டாக்டரு. வாயைத் திறந்தேன். இருபத்தொம்பது வருஷமாப் பொத்தி வச்ச வாயை, முன்னப் பின்னத் தெரியாத ஆறு பேருக்கு முன்னாடி, அந்த வெளக்குக்கு நேரா, பப்பரப்பேன்னு திறந்தேன். மாதேஸ்வரி. ஒருத்தரும் சிரிக்கல, ஒருத்தரும் மூஞ்சியச் சுளிக்கல, நல்லதும்மான்னு எழுதிக்கிட்டாங்க. இவ்வளவுதானா இது? வெளிய கதவுக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்துல நிக்கிறாரு. ஒரு நிமிஷம் கூப்பிடுங்கன்னேன், அவரைக் கூப்பிடுங்க, கோவமில்லைன்னு சொல்லணும்னேன். என்னம்மா சொல்றீங்க, புரியலையேன்னாரு டாக்டரு. மறுபடியும் சொன்னேன், கத்திச் சொன்னேன், உதடு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மடங்கி, காத்தாப் போகுது. பயப்படுறாங்க சார்னு யாரோ சொன்னாங்க. எல்லாம் நல்லபடியா முடியும், பயப்படாதீங்கம்மா, மூச்சை நல்லா இழுத்து விடுங்கன்னு ரப்பர் மூடியைக் கொண்டு வந்து எம்மூக்கையும் வாயையும் சேத்து மூடினாரு. பயமில்லைங்க டாக்டரு, பயமில்ல, கோவமில்ல, அதைத்தான், அவருகிட்ட யாராச்சும் போய்